நாற்பது ஜோடி

எங்கள் ஆலய வாசல் அலமாரியில்
உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்புகள் நாற்பது ஜோடி.
இந்த ஊர்வரை ரயில் வந்த காலத்தில் வாங்கியவை.
ஞாயிறு காலை அதிலிருந்து இறங்குவது ஆறு.
மீதியைத் துடைத்து வைக்கிறேன்.
தபால் நிலையத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவன்;
யாரும் வாங்க வராத கடிதத்தையும்
அதனதன் பெட்டியில் நேராக வைக்கத் தெரியும்.

ஹொக்கைடோவின் இந்தக் கரைக்கு
போதகர் மாதம் இருமுறைதான் வருவார்,
சாலை திறந்திருந்தால்.
வராத வாரங்களில் தச்சிகி அம்மாள்
பழைய பிரசங்க நாடா ஒன்றைப் போடுவார்.
காலஞ்சென்ற போதகர் எந்த இடத்தில் இருமுவார் என்பது
எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.
அங்கே நாங்களும் இருமிக்கொள்வோம்.

பிப்ரவரியில் கணக்குப் பார்த்தோம்.
மண்ணெண்ணெய்க்கு இவ்வளவு,
கூரைப்பனி வாரும் ஆளுக்கு இவ்வளவு,
காணிக்கை இவ்வளவே.
ஈஸ்டரோடு மூடிவிடலாம் என்று தீர்மானம்.
ஐந்து கைகள் உயர்ந்தன.
ஆறாவது கைக்குரிய ஒகுயாமா தூங்கிக்கொண்டிருந்தார்.
தட்டி எழுப்பினோம்.
“யாருக்கு ஞானஸ்நானம்?” என்றார்.

அதே வாரம், இரவு ஒன்பதரை மணிக்குக் கதவு தட்டல்.
ஆலையில் சிப்பி உரிக்கும் பிள்ளைகள்,
இந்தோனேசியாவில் மினாஹாசா என்ற ஊர்ப்பக்கமாம்.
முன்னால் நின்றவள் பெயர் மெய்ஸ்கே ருமெங்கான்.
எங்கள் மொழியின் சொற்களை
தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதுபோல் வைத்தாள்:
சாவி. ஞாயிறு. வேலை முடிந்து. பாட்டு.
முடியுமா?

முடியாது என்று நாங்கள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.
“சற்றுச் சிரமம்” என்போம்.
கேட்பவர் தலைகுனிந்து திரும்பிப்போக வேண்டும்.
அதைத்தான் சொன்னேன்.
அவள் திரும்பிப் போகவில்லை.
“சிரமத்துக்கு நாங்கள் உதவுகிறோம்” என்றாள்.
மறுநாள் விடியுமுன் கூரைமேல் எட்டுப் பேர்,
மண்வெட்டிகளோடு.

இதை அற்புதம் என்று யாரும் எழுதிவிட வேண்டாம்.
கழிவறைக் குழாயை மூடாமல் போனார்கள், உறைந்து வெடித்தது.
பாட்டுப் புத்தகங்களில் மிளகாய் வாசம் ஏறியது.
கிதார் சத்தத்துக்கு எதிர்வீட்டு மீன்காரர்
இரண்டு முறை வந்து நின்றார்.
தச்சிகி அம்மாள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
நான்காம் வாரம், இரவு ஆராதனை நடுவே,
கையுறையை மறந்துவிட்டேன் என்று வந்தார்.
கையுறை அவர் கையில்தான் இருந்தது.

பாடிக்கொண்டிருந்தார்கள்.
எங்களுக்குத் தெரிந்த ராகம்தான்,
இருமடங்கு வேகம்.
“இப்படி ஓடினால் மூச்சை எங்கே விடுவது?”
என்று கடிந்தபடியே ஆர்மோனியத்தைத் திறந்தார்.
எலி கடித்த துருத்தியில்
ஆலையின் நீல டேப்பை யாரோ ஒட்டியிருந்தார்கள்.
அன்று நடுவாந்திரமான ஒரு வேகத்தில்
சண்டை போட்டுக்கொண்டே பாடி முடித்தோம்.

ஈஸ்டர் போனது.
மூடும் தீர்மானம் இழுப்பறையில் இருக்கிறது.
ரத்து செய்ய ஒரு கூட்டம் போட வேண்டும்.
யாரும் போடவில்லை.

அவர்களுக்கு ஒப்பந்தம் மூன்று வருடம்.
பிறகு வேறு பிள்ளைகள் வரலாம், வராமலும் போகலாம்.
பதிவேட்டில் சபையார், விருந்தினர் என்று இரண்டு கட்டம்.
மே மாதம்வரை அவர்களை இரண்டாவதில்தான் எழுதினேன்.
பிறகு ஒரு ஞாயிறு,
திருவிருந்து அப்பத்தை மெய்ஸ்கே என்னிடம் நீட்டினாள்,
நகத்தடியில் சிப்பியின் வெள்ளை.
விருந்தாளி கையால் வாங்கித் தின்றுவிட்டு
எந்தக் கட்டத்தில் யாரை எழுத?
அந்த வாரம் கோடு போடாமல்
மொத்தம் மட்டும் எழுதினேன்: இருபத்துமூன்று.

செருப்புகளை அவர்கள் தொடுவதில்லை.
தாளத்துக்குக் கால் தட்டினால் கழன்று ஓடுகிறதாம்.
ஆகவே முப்பத்துநான்கு ஜோடி இப்போதும் அலமாரியில்.
துடைக்கிறேன், பழக்கம்.
பிறகு குனிந்து தரையைத் துடைக்கிறேன்.
மழையில் வந்த வெறுங்கால்களின் ஈரம்,
ஐந்தைந்து விரல்களோடு,
பீடம்வரை.