நாலு கிலோ

தொண்டி கிளையில் மட்டும்
ஒரு பெண் ஒரு நாளைக்கு
நாலு கிலோவுக்கு மேல் நண்டுச் சதை எடுப்பதில்லை.
ஏன் என்று பார்த்துவரச் சொல்லி
சென்னையிலிருந்து அனுப்பினார்கள் என்னை,
நூற்றியிருபது கேள்விகளும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும் தந்து.

கேள்விகளுக்கெல்லாம் "திருப்தி" என்றே டிக் அடித்தார்கள்.
சீனி பாத்திமா, நான் வாசித்து முடிக்கும் முன்பே.

வாட்ச்சோடு நின்றால்
இடுக்கிகள் ஒரே சீராக நடந்தன.
தண்ணீர் குடிக்கப் போவதுபோல் போய்த் திரும்பினால்
வேறு நடை.
பதினொன்றரைக்கே மூன்றரை கிலோ தொட்டவள்
அதன்பிறகு ஓட்டுத் துணுக்குத் தேடுகிறாள்,
ஒரே கால் சதையை
நீல விளக்கில் திருப்பித் திருப்பி.

செவ்வாயன்று ராக்கு ஐந்தேகால் வைத்தாள்.
வேலைக்கு வந்து ஒன்பதாம் நாள்.
எடைக்காரர் இரண்டு முறை நிறுத்துப் பார்த்தார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
புதனன்று அவள் மேசைக்கு ஐஸ் கடைசியாக வந்தது.
டீக்குப் போனபோது பெஞ்சில் இடமில்லை.
நேற்றிருந்த அதே பெஞ்சு, அதே ஆறு பேர்.

வியாழன், நாலு கிலோ நூறு.
செபஸ்தியம்மா தன் டப்பாவிலிருந்து
பொரித்த காரல் ஒன்றை எடுத்து
அவள் சோற்றின் மேல் வைத்தார்.

மேசைக்கடியில் தட்டு நகர்வதை
மறுநாள்தான் கண்டேன்.
செபஸ்தியம்மாவின் வலது கட்டைவிரல்
குளோரின் தண்ணீரில் வெந்து, மடங்காது.
அவரால் மூன்றுதான் முடியும்.
மற்றவர்களின் மிச்சத்தில் அது நாலாகிறது.

இதற்குப் பாடத்தில் ஒரு பெயர் உண்டு.
பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன்.
எங்கள் அறையிலும் நால்வர்.
மாதம் மூன்று அறிக்கைக்கு மேல் அனுப்புவதில்லை.
நான்காவதை அனுப்பிய வசீகரனோடு
ஒரு மாதம் யாரும் மதியம் சாப்பிடவில்லை,
நானும்.
பேசிவைத்தெல்லாம் இல்லை.

லாட்ஜ் ஜன்னலைக் கச்சான் அறைந்துகொண்டிருக்க
"காரணம்" என்ற கட்டத்துக்குள்
நாற்காலி உயரம் போதாது என்று எழுதினேன்.

கிளம்பும் நாள் பஸ் நிறுத்தத்தில் ராக்கு கேட்டாள்:
"எங்களப் பத்தி என்ன எழுதுனீக?"
சொன்னேன்.
"அதுவும் நெசந்தான். இடுப்பு கழண்டு போகுது."
நம்புதாளை வண்டி வந்துவிட்டது.
படியில் கால் வைத்தவள் திரும்பினாள்:
"ஆனா ஒசத்திக் கிசத்தித் தந்துறாதீக சார்.
அப்புறம் அஞ்சு கேப்பாக."