அபராத நோட்டு

பாரிங்கோ ஏரிக்குத் தெற்கே
மண் தோலுரிந்து கிடந்த இடத்தில்
முப்பது ஏக்கரை வேலியிட்டு அடைத்தோம்.
வேலிக்கு முள் தந்தது சீமைக்கருவேலம்தான்,
புல்லை விழுங்கிய அதே மரம்.
அதன் இனிப்புக் காயைத் தின்று தின்று
பல் கொட்டிப்போன ஆடுகள் எங்களிடம் உண்டு.
அவை வெறும் வாயை மெல்லும்போது
ஏதோ சொல்ல வந்து மறந்துவிட்டவை மாதிரி இருக்கும்.

பிறை பிறையாய்ப் பள்ளம் தோண்டினோம்,
ஓடுகிற தண்ணீர் கொஞ்சம் உட்கார்ந்து போகட்டும் என்று.
பிறகு கொழுக்கட்டைப் புல்லின் விதை.
கையில் அள்ளினால் எடையே தெரியாது,
பஞ்சுக்கும் தூசுக்கும் நடுவே ஏதோ ஒன்று.
முதல் வருடம் எறும்பு தின்றது.
இரண்டாம் வருடம் மொத்த மழையும் ஒரே நாளில் பெய்து
விதையோடு பள்ளத்தையும் ஏரிக்குக் கொண்டுபோனது.
மூன்றாம் வருடம்,
பாதிப் பேர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திய பிறகு,
முளைத்தது.
சவரம் செய்து நாலு நாளான தாடை அளவுக்கு
ஒரு பச்சை.

எனக்கு எழுதத் தெரியும், நோட்டு என்னிடம் வந்தது.
பள்ளிக்கூட நோட்டு, பின்னட்டையில் வாய்ப்பாடு.
உள்ளே புகுந்தால் மாட்டுக்கு ஐந்நூறு ஷில்லிங், ஆட்டுக்கு நூறு.
லெகிசிமாவின் பதினோரு ஆடுகள்: எழுதினேன்.
எங்கிருந்தோ வந்த காளை, யாருடையது என்று யாரும் சொல்லவில்லை:
'ஆளில்லாத காளை' என்று எழுதினேன்.
என் நாத்தனார் நைசுலாவின் இரண்டு கன்றுகள்:
எழுதினேன்.
ஆறு மாதம் அவள் என் வீட்டில் தேநீர் குடிக்கவில்லை.

அப்புறம் அந்த வறட்சி.
கரையோரக் கோரையும் தீர்ந்ததும்
ஆண்கள் மந்தையோடு லைகிபியா மேட்டுக்கு ஏறினார்கள்.
நடக்க முடியாதவை எங்களிடம் தங்கின.
கேரி, என் புள்ளிப் பசு,
காலையில் அதை எழுப்ப மூன்று பேர் வேண்டும்:
வயிற்றுக்கடியில் இருவர், வாலைப் பிடித்து ஒருவர்.
எழுந்ததும் வேலியைப் பார்த்தே நிற்கும்.
காற்றும் அங்கிருந்துதான் வீசித் தொலைக்கும்.
உள்ளே இடுப்பளவு புல்.
விதை உருவ இன்னும் நாலு நாள் என்று
நானே குறித்து வைத்திருந்தேன்.

அன்றிரவு நிலவில்லை. நாய் என்னைத் தெரிந்த நாய்.
வாசல் முள்ளை இழுத்துப் போட்டேன்,
உள்ளங்கை கிழிந்தது.
கேரி ஓடவில்லை, ஓட அதற்கு ஏது கால்.
நுழைந்த இடத்திலேயே நின்று
தின்றது, தின்றது.
துணி கிழிகிற சத்தம்,
நான் காவல் காத்த துணி.
காதுக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

விடிந்ததும் நோட்டை எடுத்தேன்.
நோலாரி. மாடு ஒன்று. ஐந்நூறு.
எழுத்து கோணிக்கொண்டது, முள் கிழித்த கை.

கூட்டத்தில் வாசித்தபோது பேச்சில்லை.
லெகிசிமாதான் சிரித்தார்,
முதலில் மூக்கால், பிறகு முழு வாயால்.
நைசுலா சிரிக்கவில்லை.
"மாடு உள்ளே போனால் பள்ளத்தை மிதிக்கும், வேரைப் பிடுங்கும், சரி.
அரிவாள் உள்ளே போனால்?" என்றாள்.

விதையை உருவிப் பையில் கட்டினோம்.
கணுக்கால் உயரம் விட்டு அறுத்தோம்.
படுத்துவிட்ட மாட்டுக்கு நாளைக்கு ஒரு கட்டு.
அபராதத்தைத் தள்ளுபடி செய்யலாமா என்று யாரோ இழுக்க,
கூடாது என்றதும் நைசுலாதான்.
அன்று மாலை தேநீருக்கு வந்தாள்,
சர்க்கரை குறைவு என்றாள்.

கேரி பிழைத்தது என்று எழுத எனக்கும் ஆசைதான்.
ஒன்பது கட்டு தின்றது.
பத்தாம் நாள் நாலு பேர் சேர்ந்தும் எழுப்ப முடியவில்லை.

இப்போது மழை பெய்திருக்கிறது.
ஐந்நூறில் இருநூறு கட்டிவிட்டேன்.
வாசலுக்கு உள்ளே, அது நின்று தின்ற இடத்தில்,
குளம்பு அழுத்திய ஒவ்வொரு குழியிலும்
மற்ற இடத்தைவிட நெருக்கமாய்ப் புல்.
மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டேன்.
நோட்டில் இன்னும் ஏற்றவில்லை.
ஏற்றினால்
பதினோரு ஆட்டுக்குக் கட்டிய ஆயிரத்து நூறை
லெகிசிமா திருப்பிக் கேட்பார்.