முப்பது அடி

ஹட்டனில் பார்த்த படத்தில் ஒரே உதை;
வில்லன் முப்பது அடி பறந்து
தண்ணித் தாங்கியை உடைத்தான்.
"அப்படியெல்லாம் பறக்காது" என்றாள் தர்மினி.

உரச்சாக்கில் மண்.
பள்ளிக்கூடத் தராசில் அறுபது கிலோ.
வாயை இறுக்கித் தைத்து
சவுக்கு மரத்தில் தொங்கவிட்டோம்.
ஓடிவந்து உதைத்தான் யோகராசு.
சாக்கு ஒரு சாண் நகர்ந்து திரும்பி வந்தது.
அவன்தான்
பீலிச் சேற்றில் மல்லாந்து கிடந்தான்.

தாக்கமும் மறுதாக்கமும் சமன்,
கதாநாயகனும் விழுந்திருக்கணும்:
கொப்பியில் எழுதினாள்.

பிறகு, சும்மாதான்,
நாலு பேராய்ச் சாக்கை மடுவத்துக்குத் தூக்கிப்போய்
கொழுந்துத் தராசில் மாட்டினோம்.
ஐம்பத்தாறு.

தையல் பிரியவில்லை. ஒரு பிடி மண்ணும் சிந்தவில்லை.
யாரும் உதைக்கவும் இல்லை.
நாலு கிலோ பறந்திருந்தது.

பேனை மூடியைக் கடித்தபடி
தர்மினி
விதியின் பெயருக்கு
ஒரு வரி இடம் விட்டாள்.