இலக்கம் இரண்டு

ஸ்ரான்லி வீதிக் கடைக்காரன் தந்த அட்டையில்
முப்பத்தெட்டு வெள்ளைகள்.
முப்பத்தாறை ஒரே இரவில் வெட்டிவிட்டோம்,
சாப்பாட்டு மேசையில், சிவப்புப் பேனையால்.
மிஞ்சினது இரண்டு.

பாசையூரிலிருந்து வருகிற ஸ்ரனிஸ்லாஸ்
ஹோல் சுவரில் இரண்டு சதுரம் பூசி
கீழே பென்சிலால் இலக்கம் போட்டான்.
"காயட்டும் அக்கா,
ஈரத்தில பெயின்ற் பொய் சொல்லும்."

காய்ந்தது.
இவருக்கு ஒன்று, எனக்கு இரண்டு.

"ஒன்றில வெளிச்சம் கூட" என்றார்.
ஆஸ்பத்திரியிலும்தான் என்றேன்.
"இரண்டு, செத்தவீட்டுக்குக் கட்டி
மூன்றாம் நாள் தோய்த்த வேட்டி."
இல்லையப்பா,
ஒன்று தேங்காயின் முதற்பால்
இரண்டு இரண்டாம் பால்.
"அப்ப முதற்பால்தானே நல்லது?"

கறியை இறக்கும்போது விடுவது முதற்பால்.
கறி வேகிறது இரண்டாம் பாலில்.
உப்புப் பார்க்க மட்டும் அடுப்படிக்கு வருகிறவருக்கு
இதை எப்படி விளங்கப்படுத்த?

காலையில் பக்கத்து வளவு முருங்கை
இரண்டிலும் பச்சையை ஊற்றும்.
மத்தியானம் ஒன்று கூசும், இரண்டு பொறுக்கும்.
ஐந்தரைக்கு இரண்டுமே பனங்களி.
ரியூப்லைற்றின் கீழ் இரண்டுக்கும் காய்ச்சல்.
கறன்ற் போன இரவில்
சண்டை பிடிக்க ஒன்றுமில்லாமல்
படுத்துவிட்டோம்.

வங்கியில் கூட வேலை செய்யும் பவளராணி வந்தாள்.
"எந்த இரண்டு?" என்று கேட்டாள்.
ஒஸ்லோவிலிருந்து இவரின் தம்பி,
போனுக்குள் மூக்கை வைத்துப் பார்த்து,
"சுவரில என்ன, பிளாஸ்ரர் ஒட்டியிருக்கோ?"

கொக்குவிலில் ஒரு ரோஸ்.
ஆனைக்கோட்டையில்
இடுப்பளவுக்கு எண்ணெய்ப் பச்சை.
திருநெல்வேலி அறையில் நீலம்,
அதில் முன்னிருந்த பிள்ளை எழுதின ஏழாம் வாய்ப்பாடு.
பதினொரு வருசம் வாடகைச் சுவர்கள்.
எங்களை ஒருவரும் நிறம் கேட்டதில்லை.
"ஆணி மட்டும் அடியாதேங்கோ" என்பார்கள்.
அதனால்தானோ என்னவோ
மூன்று கிழமையாக
தேத்தண்ணி ஆற ஆற
ஒரே சுவரைப் பார்த்து இருந்தோம்,
கலியாணம் கட்டின நாளிலிருந்து
இவ்வளவு நேரம் கதைத்ததில்லை.

வெள்ளி இரவு ஒரு வேலை பார்த்தேன்.
அழிறப்பரால் இலக்கங்களை அழித்து
மாற்றி எழுதினேன்.

சனி காலை இவர் வந்து
"ஒன்று" என்றிருந்த என் சதுரத்தைத் தடவி,
"பாரன், என்ன வெளிச்சம்!"
சிரிப்பை அடக்க
அடுப்படிக்குள் போய் நின்றேன்.

பின்னாலேயே வந்தார்.
உப்புப் பார்க்க இல்லை.
"சரி, உன்ர இரண்டையே அடிப்பம்."

சிரிப்பு நின்றுவிட்டது.
சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.
ஸ்ரனிஸ்லாசுக்குப் போன் போட்டு
இரண்டு என்றார்.
அவன் தன் கொப்பியைப் பார்த்தானோ
சுவரைப் பார்த்தானோ,
நான் கேட்கவில்லை.
திங்கள் வந்து முதலில்
அந்தச் சதுரங்களைத்தான் மூடினான்.

இப்போது நான்கு அறையும் வெள்ளை.
ஐந்தரைக்குக் கதிரையில் இருந்து பார்க்கிறேன்.
முதற்பால் போலவும் இருக்கு.
நேற்று இரண்டாம் பால் போல இருந்தது.

"உன்ர இரண்டு நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.
ஓம் என்கிறேன்.

கலியாணப் படம் இன்னும்
கட்டிலுக்குக் கீழே, சீலையில் சுற்றினபடி.
ஆணி அடிக்க
இருவருக்கும் மனம் வரவில்லை.