கூடவுமில்லை, குறையவுமில்லை

நாகர்கோவில் ஸ்கேன் சென்டரில்
என் வலது நுரையீரலைக்
காக்கிக் கவருக்குள் போட்டுத் தந்தார்கள்.
மூன்று புள்ளி ஒன்று சென்டிமீட்டர்.
ஆறு ஊசிக்கு முன்னால் மூன்று புள்ளி இரண்டு.

ஏசுவடியான் இரண்டு தடவை வாசித்தார்.
பிறகு வடசேரி பஸ் ஸ்டாண்ட் தூணில்
முதுகைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்:
இவ்வளவு முடி கொட்டினது
ஒரு புள்ளிக்காகவா?

மறுநாள் டாக்டர் பெனிலா
மருந்துச் சீட்டைத் திருப்பிப்போட்டு
பெரிதாய் ஒரு வட்டம் வரைந்தாள்,
நடுவில் சின்னதாய் இன்னொன்று.
கல்லில் உடைத்து ஊற்றிய முட்டை மாதிரி இருந்தது.

"இது சாகல்ல, எக்கா.
வயசாயிப்போச்சு.
மருந்து இதுக்க உள்நூலை அறுத்துப்போட்டு.
அறுந்த நூலோட பெருகப்பிடாதுன்னு
அதுவே கதவைச் சாத்திக்கிடுச்சு.
இனி இது ரெண்டாவாது."

நாலு மாசத்தில் எப்படி வயசாகும் என்றேன்.
என் தலைத்துணியைப் பார்த்தாள்.
கேட்டிருக்க வேண்டாம்.

பேனாவை மூடாமலே சொன்னாள்:
வேலை நின்றுவிட்டது, வாய் நிற்கவில்லை.
உட்கார்ந்த இடத்திலிருந்து
என்னத்தையாவது கசியவிட்டுக்கொண்டே இருக்கும்.
சில நேரம் அந்தக் கசிவை மோப்பம் பிடித்து
ரத்தத்தின் காவலாளிகள் வந்து
அதைத் தின்றுவிட்டுப் போவார்கள்.
சில நேரம் பக்கத்திலிருப்பதை அது உசுப்பிவிடும்.
எப்போதாவது ஒன்று
முதுமையை உதறிவிட்டு எழுந்துவிடுவதும் உண்டு.

"அப்பம், கிழடானதை மட்டும் தேடிக் கொல்ல மருந்தில்லியா?"
"சோதனை நடக்குவு. இங்க இன்னும் வரல்ல."

இங்க என்றால் நாகர்கோவிலா, நாடா,
இல்லை, என் ஆயுசா?
வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

தக்கலையில் பஸ் நின்றபோது
ஏசுவடியான் இறங்கிப்போய் சாளை வாங்கிவந்தார்.
குலசேகரம் வரை
என் மடியில் ரிப்போர்ட், அவர் மடியில் மீன்.
இரண்டையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

பதினெட்டு வருஷம் நான் பால் வெட்டியது ஏழாம் பிளாக்.
மரத்துக்கெல்லாம் வெள்ளைப் பெயின்டில் நம்பர் போட்டாச்சு,
மழை கழிந்ததும் முறிப்பு.
பால் வற்றிய மரம் சும்மா நிற்காது,
வேரில் பூஞ்சை பிடித்துப்
பக்கத்துத் தைக்குக் கொடுத்துவிடும்
என்கிறார் கங்காணி.
தெரிந்ததுதான்.
ஆனாலும் அதையும் இதையும் ஒன்றாக்கி
ஆறுதல்பட எனக்கு மனசில்லை.
மரம் எனக்குக் கூலி தந்தது.
ரெண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தது.
இது என்ன தந்தது?

ஞாயிறு ஆராதனையில் எல்லாரும்
எனக்கு நீண்ட ஆயுள் கேட்டார்கள்.
நான் கண்ணை மூடிக்கொண்டு
உள்ளே இருப்பதிடம் பேசினேன்:
உனக்கு நரை விழட்டும்.
முட்டி தேயட்டும்.
யாரும் கூப்பிடாத கல்யாணங்களைப் பற்றி
முனகிக்கொண்டே கிட.
எவன் பேச்சைக் கேட்டும் எழுந்திருக்காதே.
இன்னொருவருக்கு மூப்பு வரட்டும் என்று
நான் வேண்டியது அதுதான் முதல் தடவை.
அது கிழடானால்தான்
நான் கிழவியாக முடியும்.
எனக்கும் முட்டி தேயணும்.
எனக்கும் பல் ஆடணும்,
ஒவ்வொன்றாக, சாவகாசமாக.

மூன்று மாசம் கழித்து மறுபடி அளக்கணும்.
அதுவரை பால் வெட்ட மூச்சு காணாது.
தலைவிளக்கை மரியபுஷ்பத்துக்குக் கொடுத்துவிட்டேன்.
வெயில் வந்த பிறகு சாக்கோடு போய்
ஒட்டுப்பால் மட்டும் எடுக்கிறேன்.
சிரட்டையின் அடியில்
நேற்றைய பால் ஓட்டம் மறந்து
இறுகிக் கிடக்கிறது.
நகத்தால் நெம்பினால் முழுசாக வந்துவிடும்,
கொஞ்சம் வராமலும் இருக்கும்.

நாற்றம் மட்டும்
வீடு வரை கூட வரும்.
சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு
மரச்சீனிக்கு உலை வைக்கிறேன்.