நான்கு விரற்கடை

சந்தையின் மூன்றாம் வரிசையில்
ஜாக்கிகள் கழுத்தை நீட்டிக் கிடந்தன.
சிவப்பு, மஞ்சள், துருவேறிய பழைய ரஷ்யப் பச்சை.
"மூன்று டன் தூக்கும்" என்றான் கடைக்காரன்
தானே தூக்கிப் பார்த்தவன் மாதிரி.
என் வண்டி ஒன்றரை டன்கூட இல்லை.
தூக்குவதை அப்புறம் பேசலாம்,
எவ்வளவு குனியும் அதைச் சொல் என்றேன்.

அளவுநாடா கோட்டுப் பையில் இருந்தது.
வண்டியின் விளிம்புக்கும் மண்ணுக்கும் நடுவே
பதினாறு சென்டிமீட்டர்,
நேற்றிரவு டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு அளந்தது.
மூன்று டன்காரனின் தலை
பத்தொன்பதில் விறைத்து நின்றது.
ஓரத்தில் ஓர் இரண்டு டன் குட்டையன்
பதின்மூன்றில் படுத்திருந்தான்.
கைப்பிடியை நாலு முறை அடித்தேன்,
அடியில் விரல்விட்டுத் தடவினேன்,
எண்ணெய் ஒட்டவில்லை.
இவன் போதும்.

மிச்சக் காசுக்கு முக்காலி ஸ்டாண்டு இரண்டு.
கையுறைக்கென்று வைத்திருந்த காசு அது.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
எங்கள் பலகை வேலிக்குள்
அக்டோபர் ஞாயிறு, மைனஸ் ஒன்பதில் விடிந்தது.
ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்த பிரியஸ்
கோடை டயரோடு
மூன்று நாளாக மேட்டில் சறுக்குகிறது.
ழாம்பல் தெற்கே நிலக்கரி லாரியில்.
"நான் வரும்வரை பொறு" என்றான் போனில்.
நான் பொறுப்பேன். பனி பொறுக்குமா?

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல்.
பிரேக்கை மிதித்துப் பூட்டினேன்.
சக்கரம் மண்ணில் இருக்கும்போதே
ஐந்து நட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்தினேன்,
ஐந்தாவது என் மொத்த எடையையும் கேட்டது.
பழைய அடுப்பின் இரும்புத் தகட்டை விரித்து
அதன்மேல் குட்டையனை உருட்டி
விளிம்பில் தூக்குமிடம் காட்டும்
இரண்டு வெட்டுகளுக்கு நடுவே தலையை வைத்தேன்.
அடிக்க அடிக்க
குளிரில் கெட்டியான எண்ணெய் முனகியது.
வண்டி ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டு எழுந்தது.

மாற்றவிருந்த பனி டயரைப் படுக்கவைத்து
முதலில் அடியில் தள்ளினேன்.
ஸ்டாண்டை எடுக்கத் திரும்பினேன்.

அப்போதுதான் லுவ்சான்,
பக்கத்து வேலிக்காரன், வாயில் சிகரெட்டோடு.
"டயரைப் படுக்கவைத்துத் தாலாட்டா?"
சிரித்த சிரிப்பில் லைட்டர் நழுவி
வண்டிக்கு அடியில் ஓடியது.
குனிந்தான்.
"கையை வைக்காதே" என்றேன்.
தோள்வரை நுழைத்திருந்தான்.

விடியலில் இரும்பாக இருந்த மண்
பதினொரு மணி வெயிலில் களியாகியிருந்தது.
அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.
தகட்டின் ஒரு மூலை அமிழ்ந்தது,
குட்டையன் சாய்ந்தான்,
வண்டி இறங்கியது.

நான்கு விரற்கடை.

அவ்வளவுதான்.
டயர் ஒருமுறை நசுங்கி
பிறகு தாங்கியது.
எங்கோ நாய் குரைத்து நிறுத்தியது.
வண்டிக்கும் அவன் முழங்கைக்கும் இடையே
ஒரு சட்டைக்கை நுழையும் இடைவெளி இருந்தது,
அதனுள் சட்டைக்கையும் இருந்தது.
மெதுவாக உருவிக்கொண்டான்.
லைட்டரைப் பற்றி இருவருமே பேசவில்லை.

தகட்டை நிழல் பக்கம் மாற்றிப் போட்டேன்.
மறுபடி ஜாக்கி, மறுபடி டயர்,
இந்த முறை ஸ்டாண்டு,
அதன்மேல் வண்டியை உட்காரவைத்து
இடுப்பால் ஓர் இடி இடித்துப் பார்த்தேன்.
அசையவில்லை.
தூக்குகிறவன் வேறு, தாங்குகிறவன் வேறு,
வண்டி விஷயத்தில் அப்படித்தான்.
லுவ்சான் நட்டுகளைத் தொப்பியில் ஏந்தி
கடைசிச் சக்கரம்வரை நின்றான்.

அன்று மாலை ஸ்டாண்டுகளை இரவல் கேட்டான்.
கொடுத்தேன்.

இப்போது ஏப்ரல்.
கோடை டயர்கள் சுவரோரம் காத்திருக்கின்றன.
வேலிக்கு மேல் எட்டிப் பார்க்கிறேன்:
அவன் வண்டியின் வயிற்றடியில்
என் ஸ்டாண்டுகள் இரண்டும்,
வெளியே நீட்டிய பூட்ஸ் கால்கள்,
உள்ளிருந்து சுருதி சேராத ஒரு விசில்.

கேட்க வாயெடுத்தேன்.
சரி, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம்.