பதினான்கு மணி நேரம்

நவம்பரில் குல்டீகாவில்
நான்கு மணிக்கே வெளிச்சம்
கடையைச் சாத்திவிடுகிறது.

ஆறு கோழிகள். மூன்று வாரமாய்
முட்டையிடும் பெட்டியில் வைக்கோல் மட்டும்.

"சூப்புக்கு ஆகும்" என்கிறான்
பக்கத்து வீட்டு ஐவார்ஸ்,
கண்ணாலேயே கத்தி தீட்டி.

ஜித்ரா சிப்பித்தூள் வைத்தாள்.
சிறகிடுக்கில் பேன் தேடினாள்.
கவிழ்த்த படகுக்கடியில்
கள்ளத்தனமாய் இட்டிருக்குமோ என்று
டார்ச் அடித்துப் பார்த்தாள்:
ஒரு செருப்பு.

கழுத்து மொட்டையான சிவப்பி
தொடவிடாமல் கொத்தியது.
தின்பதெல்லாம் புது இறகுக்கே போகிறது,
முட்டைக்கு எங்கே மிச்சம்?

வெளிச்சமும் போதாதாம்.
பதினான்கு மணி நேரம் வேண்டுமாம்.
பழைய குண்டு பல்பு ஒன்றை மாட்டினாள்
இரவு இரண்டு மணிக்குத் தானே எரியும்படி.

அதே இரண்டு மணிக்குத்தான்
இருபத்திரண்டு வருஷமாய்
ரொட்டி ஆலைக்கு எழுந்திருக்கிறாள்.

கூண்டைத் திறந்தாள்.
ஆறு தலைகள் திரும்பின.
கூசும் கண், தொங்கும் கழுத்து.
பஸ்ஸின் இருட்டு ஜன்னலில்
தினமும் பார்க்கிற முகம்.

பல்பைக் கழற்றிக்
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.
நிறுத்தம் வரை சூடாயிருந்தது.

திரும்பும்போது கடையில்
ஆறு முட்டை வாங்கினாள்,
ஐவார்ஸ் கண்ணில் படாமல்
ரொட்டிக்கடியில் வைத்து.